மானிட்டர் வாங்கின கதை: காப்பிப் பாக்கெட்டும் கரிப் பாக்கெட்டும்

செமஸ்டர் முடிந்து ஊருக்கு வந்தாச்சு. ஊர் என்றால் தலைச்சோலை. ஏற்காடு தெரியும், தலைச்சோலை தெரியாது என்பவர்களுக்காக: சேர்வராயன் மலையில் ஏற்காட்டைத் தாண்டி இன்னும் உள்ளே வரணும். காப்பிச் செடி, சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகுக்கொடி, பலா, பாதி நாள் மூடுபனி. அவ்வளவுதான் ஊர்.

வகுப்பில் நாலு பேர் "நீ மானிட்டர் வாங்கினியே, எதைப் பார்த்து வாங்கின? எங்களுக்கும் சொல்லு" என்று கேட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதான் மொத்தமாக எழுதிவிடலாம் என்று. கொஞ்சம் நீளமான கதை. பொறுமை இல்லாதவர்கள் நடுவில் நம்பர் போட்டிருக்கும் இடத்துக்கு நேராக ஓடிவிடலாம் :-)

கதை மானிட்டரில் ஆரம்பிக்கவில்லை. காப்பித்தூளில் ஆரம்பிக்கிறது.

எங்கள் ஊரில் பெரியம்மா, அத்தை, அம்மா, இன்னும் சிலர் சேர்ந்து ஒரு மகளிர் குழு வைத்திருக்கிறார்கள். இந்த மலைக்குக் காப்பி வந்தது 1820களில், காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் காலத்தில் என்பார்கள். இருநூறு வருஷமாக இங்கே காப்பி விளைகிறது. ஆனால் எங்களைப் போல அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் பழத்தைப் பறித்துக் காயவைத்து மூட்டையாக விற்பதோடு சரி. தூளாக்கி, பாக்கெட் போட்டு, சொந்தப் பேரில் விற்றால் என்ன என்று பெரியம்மாவுக்குத் தோன்றியது. மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா, மலர்க் கண்காட்சி. கூட்டம் அள்ளும். அதற்குள் 250 கிராம் பாக்கெட் ரெடியாகணும்.

"லேபிள் யாரு போடறது?"

"நம்ம பாப்பாதான் கம்ப்யூட்டர்ல படம் போடற படிப்பு படிக்குதே!"

அப்படித்தான் மாட்டினேன்.

என்னிடம் இருந்தது அக்காவிடமிருந்து வந்த பழைய லேப்டாப். 15.6 இஞ்ச், 1366×768. கூட ஒரு சின்னப் பேனா டேப்லெட். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு, லேப்டாப்பை ஒரு முக்காலி மேல் வைத்து, நான் கட்டிலில் உட்கார்ந்து, மேலேயிருந்து கீழே பார்த்தபடி வரைவேன். இந்த "மேலேயிருந்து கீழே" என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலை இருக்கிறது.

லேபிள் அழகாகத்தான் வந்தது. அடர்ந்த காப்பி நிறப் பின்னணி. நடுவில் சிவந்த காப்பிப்பழக் கொத்து, பளபளவென்று பச்சை இலை. மேலே குழுவின் பேர், கொஞ்சம் வெளிறின பழுப்பு எழுத்தில். பெரியம்மா பார்த்துவிட்டு "பழத்தைப் பறிச்சுத் திங்கலாம் போல இருக்குதே கண்ணு" என்றார். அப்பா ஃபோனில் போட்டுப் பார்த்தால் இன்னும் ஜொலித்தது. கல்லூரி லேபில் பார்த்தால் கொஞ்சம் மங்கல். மூன்று திரை, மூன்று நிறம். அப்போதே சந்தேகம் வந்திருக்கணும். வரவில்லை.

சேலத்தில் ஓர் அச்சகத்தில் கொடுத்தோம். 1000 ஸ்டிக்கர், 3000 ரூபாய், குழுவின் பணம். "சாம்பிள் ஒண்ணு போட்டுப் பார்த்துக்கறீங்களா?" என்று அச்சகக்காரர் கேட்டார். தனி சாம்பிளுக்குத் தனிக் காசு. விழாவுக்கு நாளும் இல்லை. "வேண்டாங்கண்ணா, ஃபைல்ல எப்படி இருக்கோ அப்படியே அடிச்சிடுங்க" என்றேன்.

அவரும் ஃபைலில் இருந்த மாதிரியேதான் அடித்தார்.

கட்டைப் பிரித்தபோது எனக்குக் கண் இருட்டியது. பின்னணி காப்பி நிறம் இல்லை, கறுப்பு. பழம் காய்ந்த ரத்தம் மாதிரி. பச்சை இலை வதங்கிப் போயிருந்தது. பழுப்பு எழுத்து இருட்டில் கரைந்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது. வேறு வழியில்லாமல் அதையே ஒட்டி விழாவில் வைத்தார்கள். ஓர் அம்மா வந்து பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, கரியா?" என்று கேட்டாராம். பெரியம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். நான் சிரிக்கவில்லை.

அடுத்த நாளே சேலம் போய் அச்சகத்தில் சண்டை. "என் ஃபைல் இப்படி இல்லவே இல்ல. நீங்க மட்டமான மை போட்டுட்டீங்க" என்று நாலு கஸ்டமர் நிற்கும்போது கத்தினேன். அப்பா வயசு இருக்கும் அவருக்கு. "ஃபைல்ல இருக்கிறதுதாங்கம்மா வந்திருக்கு" என்றார், ரொம்ப நிதானமாக. அந்த நிதானம் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், மானிட்டர் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைப் பெட்டியில் எழுதியிருப்பதை வைத்துச் சொன்னால் யாருக்கும் உறைக்காது. ஆயிரம் ஸ்டிக்கர் வீணானால் நன்றாக உறைக்கும்.

சேலத்திலிருந்து ஏற்காடு வரும் ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு ஒன்று நிற்கும், பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். டி.ஆர். சுந்தரம் 1935ல் ஆரம்பித்த ஸ்டுடியோ. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956ல் இவர்கள் எடுத்ததுதான். கேவாகலர் ஃபிலிம். மலையாளத்தின் முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' (1961) கூட இவர்கள் தயாரிப்பே. ஆக, இரண்டு மொழி சினிமாவுக்கு வண்ணம் வந்த கதை எங்கள் மலை அடிவாரத்தில் இருக்கிறது. சண்டை போட்டுவிட்டுத் திரும்பும்போது அந்த வளைவைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. கேமராவில் பார்த்தது ஒன்று, ஃபிலிமில் விழுவது ஒன்று, திரையில் தெரிவது ஒன்று என்று அந்தக் காலத்திலேயே அவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். உடையிலும் மேக்கப்பிலும் வண்ணத்தைச் சோதித்துப் பார்த்துத்தானே எடுத்திருப்பார்கள்? நான் எதைச் சோதித்தேன்?

அன்று ராத்திரிதான் முதல்முறையாக லேப்டாப் திரையைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். படித்ததை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

1. பேனல் என்ன ஜாதி?

கடையில் கிடைப்பது பெரும்பாலும் மூன்று: டிஎன், விஏ, ஐபிஎஸ். (ஓஎல்இடியும் வந்துவிட்டது. விலையைக் கேட்டுவிட்டு மெல்ல நகர்ந்துவிட்டேன்.) டிஎன் பழையது, மலிவு. இதன் பெரிய குறை, தலையைக் கொஞ்சம் அசைத்தாலே நிறம் மாறும். மேலேயிருந்து பார்த்தால் வெளிறும், கீழேயிருந்து பார்த்தால் இருட்டாகும்.

முக்காலி ஞாபகம் இருக்கிறதா? என் லேப்டாப் டிஎன். நான் மேலேயிருந்து பார்த்தேன். படம் வெளிறித் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் டார்க் வேணும்" என்று நானே இருட்டாக்கிக்கொண்டே போயிருக்கிறேன்!

விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும். கான்ட்ராஸ்ட் 3000:1 என்று போட்டிருப்பார்கள். சினிமா பார்க்க ஜோர். ஆனால் பக்கவாட்டில் பார்க்கும்போது நிழல் பகுதிகளின் நிறம் கொஞ்சம் நகரும். ஐபிஎஸ்ஸில் கான்ட்ராஸ்ட் சுமார் 1000:1தான். இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும், ஓரங்களில் ஒரு பளபளப்பு இருக்கும். ஆனால் எங்கிருந்து பார்த்தாலும் நிறம் ஏறக்குறைய அதுவே. வரைகிறவர்களுக்கு ஐபிஎஸ்தான் பாதுகாப்பு.

2. எத்தனை நிறம் காட்டும்?

இதுதான் முக்கியம். கடையில் யாரும் தானாகச் சொல்லாததும் இதுதான். 1996ல் எச்பியும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து எஸ்ஆர்ஜிபி என்று ஓர் அளவு வைத்தார்கள். இணையத்தில் நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை அந்த அளவை நம்பித்தான் இருக்கின்றன. உங்கள் மானிட்டர் அதில் 100 சதவீதம், அல்லது 99 சதவீதமாவது காட்ட வேண்டும்.

இங்கேதான் ஒரு தில்லாலங்கடி. சில பெட்டிகளில் "45% என்டிஎஸ்சி", "72% என்டிஎஸ்சி" என்று போட்டிருக்கும். என்டிஎஸ்சி என்பது 1953ம் வருஷத்து அமெரிக்க கலர் டிவி அளவு. அது எஸ்ஆர்ஜிபியைவிடப் பெரிய பரப்பு. அதில் 72 சதவீதம் என்றால் ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி அளவு. 45 சதவீதம் என்றால் எஸ்ஆர்ஜிபியில் சுமார் 62 சதவீதம்தான். என் லேப்டாப் மாடலைத் தேடிப் பார்த்தேன். 45! சிவப்பு பத்தவில்லை, பச்சை பத்தவில்லை என்று நான் சேச்சுரேஷனை ஏற்றிக்கொண்டே போனதற்குக் காரணம் இது. திரையால் காட்ட முடியாத சிவப்பை நான் ஃபைலில் திணித்துக்கொண்டிருந்தேன். லேபிளின் காப்பிப்பழம் ஏன் காய்ந்த ரத்தமானது என்று இப்போது புரிகிறதா?

"அப்போ அடோபி ஆர்ஜிபி 99% இருக்கிற பெரிய மானிட்டர்தான் பெஸ்ட்டா?" என்று கேட்காதீர்கள். அச்சுக்கும் ஃபோட்டோவுக்கும் தொழில்முறையாக வேலை செய்பவர்களுக்கு அது உதவும். ஆனால் வண்ண நிர்வாகம் தெரியாத மென்பொருளில் சாதாரணப் படத்தைத் திறந்தால் எல்லாம் கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி பளீரென்று அடிக்கும். அதை அடக்க எஸ்ஆர்ஜிபி மோட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்களைப் போன்ற மாணவர்களுக்கு நேர்மையான எஸ்ஆர்ஜிபி போதும்.

3. பிட் கணக்கு

8 பிட் பேனல் என்றால் ஒவ்வொரு நிறத்திலும் 256 படி. மூன்று நிறம் சேர்ந்தால் 1 கோடியே 67 லட்சம் நிறம். 6 பிட் என்றால் 64 படி, மொத்தம் 2 லட்சத்து 62 ஆயிரம்தான். மலிவான மானிட்டர்களில் 6 பிட் பேனலை வைத்து, பக்கத்துப் பக்கத்து நிறங்களை வேகமாக மாற்றி மாற்றிக் காட்டி 8 பிட் மாதிரி கண்ணை ஏமாற்றுவார்கள். அதில் வேலை செய்ய முடியாது என்றில்லை. ஆனால் மூடுபனி வரைகிற ஆளுக்கு (அதாவது எனக்கு) வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு வழுக்கிப் போகும் இடத்தில் படிப்படியாகக் கோடு தெரிந்தால் எரிச்சல் வரும். எங்கள் ஊரை வரைவதென்றால் பாதிப் படம் அந்த வழுக்கல்தான்.

4. சைஸும் புள்ளியும்

"27 இஞ்ச் வாங்கு, கெத்தா இருக்கும்" என்பார்கள். 27 இஞ்ச்சில் 1920×1080 என்றால் ஒரு இஞ்ச்சுக்குச் சுமார் 82 பிக்சல். 24 இஞ்ச்சில் அதே 1920×1080 என்றால் 92. 27 இஞ்ச்சில் 2560×1440 என்றால் 109. தமிழ் எழுத்து வைத்து வேலை செய்பவர்கள் இதைக் கவனிக்கணும். சின்ன எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி, 'ணை' 'னை' வித்தியாசம், 'ழி'யின் சுழி எல்லாம் குறைந்த பிக்சலில் மொத்தையாகிவிடும். அது ஃபாண்டின் குறையா, திரையின் குறையா என்று தெரியாமல் மண்டை காயும். ஆகவே 1080 என்றால் 24 இஞ்ச்சோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 27 வேண்டுமென்றால் 1440.

அதோடு உங்கள் கம்ப்யூட்டர் அதை ஓட்டுமா என்றும் பாருங்கள். எச்டிஎம்ஐ 1.4 உள்ள பழைய லேப்டாப்பில் 4கே மானிட்டரை மாட்டினால் நொடிக்கு 30 தடவைதான் படம் புதுப்பிக்கும். பேனா ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம் ஓடும்.

5. தேவையில்லாத ஆணிகள்

165 ஹெர்ட்ஸ், 1 மில்லிசெகண்ட், வளைந்த திரை. எல்லாம் விளையாடுகிறவர்களுக்கு. நமக்கு 60, 75 ஹெர்ட்ஸ் போதும். வளைந்த திரையில் நேர்கோடு நேர்கோடுதானா என்று எனக்குச் சந்தேகம் வந்துகொண்டே இருந்தது. அதற்குப் பதிலாக உயரம் ஏற்றி இறக்கும் ஸ்டாண்ட் இருந்தால் கழுத்து தப்பிக்கும். இல்லாவிட்டால் பின்னால் 100×100 மில்லிமீட்டர் வேசா துளையாவது இருக்கட்டும், பிறகு ஸ்டாண்ட் மாட்டிக்கொள்ளலாம்.

பாடம் முடிந்தது. இனி கடை.

சீசனில் ஏரிக்கரையில் டூரிஸ்ட்டுகளை உட்காரவைத்துப் பென்சிலில் வரைந்த காசு, கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்த காசு, அம்மா மிளகு விற்றதில் கொடுத்தது எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். அதற்குள் 3000 குழுவுக்குத் திருப்பித் தரவேண்டும் என்று என் மனசாட்சி சொன்னது. பெரியம்மா கேட்கவில்லை. கேட்காததுதான் கஷ்டம்.

சேலத்தில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒரு பென் டிரைவில் ஐந்து படம் வைத்திருந்தேன்: கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் பட்டை ஒன்று, இருபது படி சாம்பல் கட்டங்கள், அம்மாவின் முகம் (நல்ல வெயிலில் எடுத்தது, அம்மாவின் நிறம் எனக்குத் தெரியும்), வெறும் வெள்ளைப் பக்கம், எட்டு பாயிண்ட் தமிழ் எழுத்து.

முதல் கடைக்காரர் வளைந்த 27 இஞ்ச்சைக் காட்டினார். அதில் ஒரு கிளி பறந்துகொண்டிருந்தது. அப்பப்பா, என்ன கலர்! "பாருங்க பாப்பா, இதுல டிசைன் பண்ணா எப்படி இருக்கும்?" என்றார். "அண்ணா, இந்தப் படத்தைப் போட முடியுமா?" என்று அம்மா முகத்தைப் போட்டேன். அம்மா தக்காளியாக இருந்தார். மெனுவில் 'விவிட்' மோட். அதை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றச் சொன்னேன். அந்த மானிட்டரில் அப்படி ஒரு மோடே இல்லை.

இரண்டாவது கடையில் டிசைனர்களுக்கென்றே வரும் வரிசைகள் இருந்தன. ஆசஸ் புரோஆர்ட், பென்க்யூ மாதிரி. 24.1 இஞ்ச், 1920×1200, முழு எஸ்ஆர்ஜிபி, டெல்டா ஈ 2க்குள். டெல்டா ஈ என்பது காட்டவேண்டிய நிறத்துக்கும் காட்டும் நிறத்துக்கும் உள்ள தூரம். குறைவாக இருந்தால் நல்லது. இரண்டுக்குக் கீழே போனால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் சுலபத்தில் தெரியாது. மேலும் கீழும் இன்னும் கொஞ்சம் இடம், 16:10 அளவு. பார்த்ததுமே பிடித்துவிட்டது. விலையைக் கேட்டதும் என் பட்ஜெட்டைவிட எங்கேயோ இருந்தது. பெருமூச்சு விட்டுவிட்டு இறங்கினேன்.

சீனியர் ஒருவர் "சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போ, பழைய புரொஃபஷனல் மானிட்டர் கிடைக்கும்" என்றார். கிடைக்கும்தான். ஆனால் பழைய மானிட்டரில் பின்விளக்கு தேய்ந்து மஞ்சளாகியிருக்கலாம். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று சில மாடல்களில் மெனுவிலேயே தெரியும். அதைப் பார்க்கத் தெரிந்த ஆள் கூட வந்தால் தைரியமாக வாங்கலாம். எனக்கு அப்படி யாரும் இல்லை. வாரண்டியும் இல்லை. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது கடையில் 24 இஞ்ச் ஐபிஎஸ், 1920×1080, 75 ஹெர்ட்ஸ், 99 சதவீதம் எஸ்ஆர்ஜிபி. ஆபீஸ் மானிட்டர் மாதிரி சப்பையான முகம். ஐந்து படத்தையும் போட்டேன். சாம்பல் கட்டங்களில் கடைசி இரண்டு கறுப்பும் தனித்தனியாகத் தெரிந்தன. வெள்ளைப் பக்கத்தில் ஒரு மூலை மட்டும் லேசாக மஞ்சள், பரவாயில்லை. அம்மா அம்மாவாகவே இருந்தார். எழுந்து நின்று, உட்கார்ந்து, பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன். கடைக்காரர் "டான்ஸ் ஆடறீங்களாம்மா?" என்றார். 10,500 ரூபாய். வாங்கிவிட்டேன்.

இருபது கொண்டை ஊசி வளைவு. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட் பாட்டி "டிவியா சாமி?" என்று கேட்டார். "ஆமாங்க பாட்டி" என்றேன். அந்த வளைவில் எஸ்ஆர்ஜிபியை எப்படி விளக்குவது!

வீட்டில் மாட்டினதும் முதல் வேலை, பழைய லேபிள் ஃபைலைத் திறந்தேன்.

கறுப்பு. காய்ந்த ரத்தம். இருட்டில் கரைந்த எழுத்து.

அச்சகத்தில் வந்த ஸ்டிக்கரை எடுத்து ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். திரையிலும் அதுவே. ஏறக்குறைய அச்சு அசலாக. "ஃபைல்ல இருக்கிறதுதாங்கம்மா வந்திருக்கு." அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. என் ஃபைல் அப்படித்தான் இருந்தது. பார்க்கத்தான் என்னிடம் கண் இல்லை.

ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நல்ல மானிட்டர் வாங்கினால் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். முதலில் வந்தது வெட்கம்.

அடுத்த வாரம் அச்சகத்துக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் லேசாகப் பதறினார் (ஹிஹி). "அண்ணா, தப்பு என்னுதுதான். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் கத்தினேன், மன்னிச்சுக்கோங்க" என்றேன். அங்கே அப்போதும் இரண்டு கஸ்டமர் இருந்தார்கள். எல்லார் முன்னாடியும் கத்தினதை எல்லார் முன்னாடியும்தானே வாங்கிக்கணும்?

அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். பிறகு அரை மணி நேரம் பாடம் எடுத்தார். கல்லூரியில் இரண்டு வருஷத்தில் புரியாதது அங்கே புரிந்தது.

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது: சிவப்பு, பச்சை, நீலம். அச்சு மையால் காட்டுகிறது: சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. திரையில் ஜொலிக்கும் சில பச்சைகளை அந்த நாலு மையால் கொண்டுவரவே முடியாது. எவ்வளவு லட்ச ரூபாய் மானிட்டர் வைத்திருந்தாலும் முடியாது. அதனால் வரையும்போதே அச்சுக்கான சிஎம்ஒய்கே முன்னோட்டத்தைப் போட்டுப் பார்த்துக்கொள்ளணும். அடர்ந்த பின்னணியில் மெல்லிய எழுத்தை நாலு மையில் அடிக்கக் கூடாது, ஒரு தட்டு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்து அடைத்துக்கொள்ளும். எழுத்து வெள்ளையாகவோ ஒரே மையிலோ இருப்பது உத்தமம். "ராத்திரி இருட்டுல திரையை ஃபுல் வெளிச்சத்துல வெச்சு வேலை செஞ்சீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அதான். பேப்பருக்கு உள்ளார பல்பு இல்லைங்கம்மா" என்றார்.

எனக்கு அந்த ஒரு வரி போதும்.

கடைசியாகப் பழைய வண்ண அட்டை ஒன்றைக் கொடுத்தார். ஒவ்வொரு கட்டத்திலும் எந்த மை எத்தனை சதவீதம் என்று அச்சாகியிருக்கும். இப்போது அது என் மானிட்டர் பக்கத்தில் தொங்குகிறது. எந்த நிறம் வேண்டுமோ அதை அட்டையில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, அந்த எண்ணையே போடுகிறேன். திரையை நம்பாதபோது எண்ணை நம்பலாம்.

மானிட்டரை அளந்து திருத்த கலரிமீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. அதுவே என் மானிட்டர் விலையைத் தாண்டும். அதனால் வாங்கவில்லை. நான் செய்த ஏழை வைத்தியம் இதோ:

வெளிச்சத்தை 100லிருந்து 30க்குப் பக்கமாகக் குறைத்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள் பிடித்தால் திரை வெள்ளையும் தாள் வெள்ளையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும் அளவுக்கு. (அச்சு வேலைக்கு 80 முதல் 120 நிட்ஸ் என்பது பொதுவான கணக்கு.) வண்ண வெப்பநிலை 6500 கெல்வின். எஸ்ஆர்ஜிபி மோட். நீல ஒளி வடிகட்டி, ராத்திரி மோட் எல்லாம் வரையும்போது அணைத்துவிடணும். பின்னாலிருந்த ரோஸ் கலர் சுவரில் சாம்பல் துணி ஒன்று தொங்கவிட்டேன். சுவர் நிறம் கண்ணை ஏமாற்றும். குண்டு பல்பு மஞ்சள் வெளிச்சத்தில் நிறம் முடிவு செய்வதில்லை. மூடுபனி நாளில் ஜன்னல் வெளிச்சம் நீலமாகச் சாயும், அன்றைக்கும் முடிவு செய்வதில்லை. எங்கள் ஊரில் அப்படிப் பார்த்தால் வேலை செய்ய வருஷத்தில் கொஞ்ச நாள்தான் மிஞ்சும் :-)

இரண்டாவது லேபிள் போட்டேன். இந்த முறை பின்னணி வெளிறின பழுப்பு, எழுத்து அடர்ந்த ஒரே மை. முதலில் ஒரே ஒரு சாம்பிள் அடித்து வாங்கினேன். 14,000ல் மானிட்டர் போக மிச்சம் இருந்த 3500ல் இருந்துதான் எல்லாம். அந்த சாம்பிளை வீட்டுக்குள் டியூப்லைட்டில், வாசலில் வெயிலில், அத்தை கடை பல்பில் மூன்று இடத்திலும் பார்த்தேன். பழம் கொஞ்சம் ஆரஞ்சாக இருந்தது. மெஜந்தாவை ஏற்றினேன். இன்னொரு சாம்பிள். அப்புறம்தான் ஆயிரம்.

குழுவுக்குத் தரவேண்டிய 3000 இந்த ஸ்டிக்கராகவே போய்ச் சேர்ந்தது. பெரியம்மா ஒரு பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கத்துச் செடியில் இருந்த பழத்தை ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். அதுதான் உண்மையான டெல்டா ஈ டெஸ்ட்! கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம பழம்" என்றார். மூன்றே வார்த்தை. நான் தோட்டத்துப் பக்கம் போய்விட்டு வந்தேன். கண்ணில் தூசி.

மக்களே, முடிவாகச் சொல்கிறேன். காசு இருந்தால் டிசைனர் மானிட்டர் வாங்குங்கள், தப்பே இல்லை. இல்லாவிட்டால் 24 இஞ்ச் ஐபிஎஸ், 99 சதவீதம் எஸ்ஆர்ஜிபி, அதோடு நிறுத்துங்கள். மிச்சக் காசைச் சாம்பிள் அச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கினதும் இரண்டு மணி நேரத்துக்குள் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் முழுத்திரையில் போட்டு செத்த பிக்சல் இருக்கிறதா என்று பாருங்கள். எங்களை மாதிரி வோல்டேஜ் ஆடும் ஊர் என்றால் ஸ்டெபிலைசரோ யுபிஎஸ்ஸோ கட்டாயம்.

அப்புறம், அச்சகக்காரர் "சாம்பிள் போடலாமா?" என்று கேட்டால் சரி என்று சொல்லுங்கள்.

பழைய கறுப்பு ஸ்டிக்கர் இன்னும் இருநூறு இருக்கிறது. ஒன்றை மட்டும் மானிட்டரின் பின்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். முன்பக்கம் ஒட்டினால் நிறம் கெட்டுவிடும் அல்லவா?

கரண்ட் போகிற மாதிரி இருக்கிறது. இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். அடுத்து பேனா டேப்லெட் கதை. அதில் ஒரு குரங்கு வரும்.